தொண்ணூற்றெட்டு முடிந்துபோகும் செவ்வாய்

உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறும் வந்து, பல்கலைக்கழகம் எப்போது கூப்பிடும் என்று தெரியாமல் நான் வீட்டில் கிடந்த காலம். கிடந்தேன் என்று சொல்வது சரியில்லை, எனக்குக் கிடக்கத் தெரியாது. காலையில் சைக்கிளை எடுத்தால் கல்லடிப் பாலத்தடி ஆமிக் காவலரணில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறி, பாலம் தாண்டி நகரத்துக்குப் போவேன். அங்கே ஒரு கணினி வகுப்பு. அது முடிந்ததும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த கொமியூனிகேசன் கடை. எங்கள் வீட்டு இணைப்பைவிட அந்தக் கடையில் இணையம் வேகம் என்பதால் எதையாவது வாசித்துக்கொண்டிருப்பேன். அப்படித்தான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. விண்டோஸ் தொண்ணூற்றெட்டுக்கான ஆதரவு வருகிற ஜூலை பதினோராம் திகதியோடு முடிகிறதாம்.

சந்தோசத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலிருந்தது தொண்ணூற்றெட்டு. அதைத் தூக்கிவிட்டுப் புது இயங்குதளம் போட வேண்டுமென்று நான் அக்காவோடு மல்லுக்கட்டத் தொடங்கிப் பல மாதங்கள். ஒவ்வொரு முறையும் “இருக்கிறது போதும்” என்ற ஒரே பதில். இப்போது கையில் ஒரு திகதியே கிடைத்துவிட்டது. இதற்குமேல் அக்கா என்ன சொல்ல முடியும்?

அந்தக் கணினி, சுனாமிக்குப் பிறகு வந்த ஒரு நிவாரண அலுவலகம் மூட்டை கட்டியபோது விற்றுவிட்டுப் போன ஒன்று. கட்டாரிலிருந்த அத்தான் அனுப்பிய காசில் அக்கா வாங்கினாள். வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போன பெட்டி. அதன் திரைக்கு அம்மா பூத்தையல் போட்ட உறை ஒன்று தைத்திருந்தா. கரண்ட் போய் வந்தபின் அதைப் போட்டால், நீலத் திரையில் வந்து, நீங்கள் என்னை ஒழுங்காக மூடவில்லை என்று குற்றம் சொல்லிவிட்டுத் தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருக்கும். கரண்டை வெட்டியவர்களை விட்டுவிட்டு எங்களைக் கேட்கும்.

வீட்டுக்குள் சைக்கிளைச் சாத்திய கையோடு சொன்னேன்.

“அக்கா, இது முடியப்போகுது.”

அக்கா மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தாள். “எது?”

“தொண்ணூற்றெட்டு. கொம்பனி இனிப் பாக்காதாம். உள்ளுக்க ஓட்டை கீட்டை வந்தா அடைக்க மாட்டாங்களாம்.”

“இவ்வளவு நாளும் அடைச்சவங்களா?”

“ஓம். இன்டர்நெட்டால அனுப்புவாங்க. நாமதான் இறக்கோணும்.”

“நாம இறக்கினமா?”

யோசித்துப் பார்த்தேன். எங்கள் தொலைபேசி இணைப்பில் ஒரு திருத்தத்தை இறக்கத் தொடங்கினால் கால்வாசி வருமுன் லைன் அறுந்துவிடும். ஒன்றைக்கூட நாங்கள் இறக்கியதில்லை.

“இல்ல.”

“அப்ப, வராத ஒண்டு இனியும் வராதாம். இதைச் சொல்லவா இந்தக் கச்சான் வெக்கைக் காத்துக்குள்ள வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்த?”

அவள் சொன்னதில் எங்கே பிழை என்று தேடினேன், கிடைக்கவில்லை. ஆனால் பிழை இருக்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய கொம்பனி ஏன் அதைப் பக்கம் பக்கமாக எழுதி வைக்கிறது? நான் வைரஸ் பற்றிச் சொன்னேன், பாதுகாப்புப் பற்றிச் சொன்னேன். அக்கா மகளின் வாயைத் துடைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

அந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவிடாமல் செய்தது குசினிக்குள்ளிருந்து வந்த அம்மாவின் குரல்.

“எத்தினையாந் திகதியாம்?”

“பதினொண்டு. செவ்வாய்க்கிழமை.”

“ம்” என்றா அம்மா. அந்த ‘ம்’மை நான் அப்போது கவனிக்கவில்லை.

அத்தானைப் பற்றிச் சொல்லாவிட்டால் இதற்குமேல் எதுவும் விளங்காது. அவர் கட்டாருக்குப் போன பிறகுதான் மகள் பிறந்தாள். இப்போது நடக்கிறாள், சுவரில் கிறுக்குகிறாள். அவருடைய ஒப்பந்தம் முடியப்போகிற நேரம். இன்னும் இரண்டு வருடம் நிற்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று அவருடைய முதலாளி கேட்டிருந்தான். ஜூலை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, தங்குமிடத்துக்குப் பக்கத்தில் ஓர் இணையக் கடைக்கு வருவார். எங்கள் கணினியில் அரட்டைப் பெட்டி திறக்கும். நான் தட்டுவேன், அக்கா எனக்குப் பின்னால் நின்று சொல்லுவாள். தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வோம். தொலைபேசியில் கதைத்தால் சுகமா, சுகம் என்பதற்குள் அட்டை முடிந்துவிடும். ஆகவே அவர்களுடைய குடும்ப வாழ்க்கை முழுவதும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில், என் விரல்களுக்கூடாகத்தான் நடந்தது. அக்கா எதையாவது சொல்லுவாள், நான் தட்டி அனுப்பிவிடுவேன், “ஐயோ, அத எழுதாத!” என்பாள். “போயிட்டுது” என்பேன். தலையில் ஒரு குட்டு விழும். அந்தப் பக்கத்திலிருந்து அத்தான் சிரிப்பு முகம் ஒன்று அனுப்புவார்.

வா என்பதா, நில் என்பதா என்று அக்காவால் சொல்ல முடியவில்லை. சமாதான ஒப்பந்தம் கடதாசியில் இருந்தது. வீதியில் வேறு மாதிரி இருந்தது. முப்பது வயது ஆம்பிளை ஒருத்தர் பின்னேரம் கடைக்குப் போனால் வீட்டில் ஆளுக்காள் மணிக்கூட்டைப் பார்க்கிற காலம். வாருங்கள் என்றால் அதற்குள் வரச் சொல்வதாகும். நில்லுங்கள் என்றால் மகள் இன்னும் இரண்டு வயது வளர்ந்துவிடுவாள். கிழமைக்குக் கிழமை அந்தக் கேள்வி திரைக்கு வரும், இரண்டு பேரும் அதைச் சுற்றிப் போவார்கள், மகளின் பல்லைப் பற்றிக் கதைத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள்.

இந்த நிலையில்தான் பதினோராம் திகதி எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கியது.

இரண்டு நாளில் பக்கத்து வளவு மாமி வந்தா. அவவின் மகன் ஓமானில். வரும்போதே குரல் முன்னால் வந்தது.

“என்னகா, கொம்பியூட்டர் நிக்கப்போகுதாம்?”

“நிக்காது மாமி” என்றேன். “அது வழமைபோல வேலை செய்யும். கொம்பனி திருத்துறத மட்டுந்தான் நிப்பாட்டுது.”

“நிக்காதெண்டு ஆரு சொன்ன?”

“கொம்பனியே எழுதியிருக்கு. தொடர்ந்து பாவிக்கலாம் எண்டு.”

மாமி அம்மாவைத் திரும்பிப் பார்த்தா. அம்மா மாமியைப் பார்த்தா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

“நிப்பாட்டுறவனே சொல்றானா, ஒண்டும் நடக்காதெண்டு?” என்றா மாமி. “அப்ப நடக்கும்.”

எனக்குக் கோபம் வந்தது, ஆனால் என்ன சொல்லி மறுப்பது? ‘பொதுமக்கள் பதற்றமடையத் தேவையில்லை, பாதை திறந்தே இருக்கும்’ என்று ஒலிபெருக்கியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் அப்பா ஒரு தரம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்கு, வயல் பார்க்கப் போனார். மறுநாள் பாதையைப் பூட்டிவிட்டார்கள். வாவியின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்தக் கரை தெரியும். அப்பாதான் வரமுடியவில்லை, வெள்ளாமை வெட்டி முடிந்த பிறகும். அன்றிலிருந்து அம்மாவிடம் ஒரு கணக்கு. ஒரு திகதி சொன்னார்கள் என்றால் அது பூட்டுகிற திகதி. ஒன்றும் நடக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்கள் என்றால் சந்தேகமே இல்லை.

அடுத்த நாள் அம்மா மண்ணெண்ணெய் வாங்கி வந்தா. தண்ணீர் பரலை நிரப்பினா. மெழுகுதிரி, சீனி, பால்மா.

“அம்மா, கொம்பியூட்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன?”

“ஒண்டுமில்ல. கிடக்கட்டும்.”

மாமி தன் மகனுக்கு முன்கூட்டியே செய்திகளை எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குந்திவிட்டா.

“தீவாளிக்கு ஒண்டு போடு புள்ள. பொறந்தநாளுக்கு ஒண்டு. பொங்கலுக்கு ஒண்டு.”

“மாமி, பொங்கல் தையிலதானே!”

“தெரியும். அவன் அங்க வச்சிருந்து அந்தந்த நாளையில பாப்பான். மறுகா, குடிக்காத எண்டு ஒண்டு போடு.”

“அது எந்த மாசத்துக்கு?”

“அது எல்லா மாசத்துக்கும்.”

தட்டினேன். நூற்றுக்கு நூறு வீதம் பிழையான ஒரு காரியத்துக்கு வேர்வை வழிய வேலை செய்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. ஆனால் மாமி போன பிறகு எனக்கே ஒரு குழப்பம் பிடித்தது. நான் ஒழுங்காகத்தான் வாசித்தேனா? மறுபடி நகரத்துக்குப் போய் அதே பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். தொடர்ந்து பயன்படுத்தலாம், ஆனால் உங்கள் சொந்தப் பொறுப்பில். பாதிப்பு ஏற்படக்கூடும். ஏற்படக்கூடும் என்றால் ஏற்படுமா, ஏற்படாதா? முதல் நாள் வாசித்தபோது சாதாரணமாக இருந்த வசனங்கள், மாமியின் சிரிப்பைக் கேட்ட பிறகு வேறு முகத்தோடு நின்றன. வகுப்பில் கற்பித்த சேரைக் கேட்டேன். “ஒண்டும் நடக்காது, பயப்பிடாதீங்க” என்றார். அம்மாவின் கணக்குப்படி அதற்கு ஒரே அர்த்தம்தான்.

என்ன நடந்தாலும் புதியதைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று முடிவெடுத்தேன். வகுப்பில் என்னோடு படித்த ஒருத்தி புது இயங்குதளத்தின் நகல் சீடி ஒன்று தந்தாள். கொப்பிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வந்தேன். பாலத்தடியில் ஆமிக்காரர் அதை எடுத்து, “இது என்ன?” என்று கேட்டார். “கொம்பியூட்டர் கிளாஸ்” என்றேன். வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார், திருப்பினார், அதில் தன் முகம் தெரிவதைக் கண்டு மீசையைத் தடவிவிட்டுத் திருப்பித் தந்தார்.

வீட்டில் சீடியைப் போடப் போன கையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

“என்ன செய்யப் போற?”

“புதுசு போடப் போறன். போட்டா பதினொண்டும் இல்ல, ஒண்டும் இல்ல.”

“போட்டு, வராமப் போனா?”

“வரும்.”

“இந்தப் பெட்டி அதைத் தாங்குமா?”

அது ஒரு நல்ல கேள்வி. பெட்டிக்குள் இருந்த நினைவகம், புதியதற்குத் தேவை என்று சீடி உறையில் எழுதியிருந்ததன் விளிம்பில்தான் நின்றது. வன்தட்டில் இடமும் பற்றாது, இருப்பதையெல்லாம் அழிக்க வேண்டும். அழித்த பிறகு புதியது ஏறாவிட்டால் பழையதைத் திரும்பப் போட என்னிடம் அதன் சீடி இல்லை.

“தெரியா” என்றேன்.

“வெள்ளிக்கிழமை அவரோட கதைக்கோணும். ஏறாட்டி நான் என்னெண்டு கதைக்கிற? பிள்ளையையும் தூக்கிக்கொண்டு பாலத்தால கடைக்குப் போயா? அதுவரைக்கும் இதுல கை வைக்கப்படாது.”

“வெள்ளிக்குப் பிறகு?”

“வெள்ளிக்குப் பிறகு இது இரிக்கோ இல்லையோ.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவும் நம்பிவிட்டாள். வராத ஒன்று இனி வராது என்று என்னை மடக்கிய அதே அக்கா.

பதினொன்றுக்கு முந்திய அந்த வெள்ளிக்கிழமை, அக்கா முழுகி, நல்ல சேலை ஒன்று உடுத்திக்கொண்டு வந்து என் பின்னால் நின்றாள். எங்களிடம் கமெரா இல்லை, அத்தானுக்கு ஒன்றும் தெரியப் போவதில்லை. அம்மா கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றா. மாமியும் தன் பாட்டில் வந்துவிட்டா. மொடம் கீச்சிட்டு, இரைந்து, ஒருவழியாகப் பிடித்தது. அத்தானின் பெயர் பச்சையாக வந்தது.

“சுகமா?” என்று கேட்டார்.

“சுகம் எண்டு போடு” என்றாள் அக்கா. “மறுகா, முதலாளிக்கு என்ன சொல்ற எண்டு இண்டைக்கே முடிக்கோணும் எண்டு போடு.”

நான் தட்டாமல் திரும்பினேன். “அக்கா, மாச முடிவுக்கு இன்னும் வெள்ளிக்கிழமைகள் கிடக்கு.”

“பதினொண்டுக்குப் பிறகும் இது இப்பிடித்தான் வேலை செய்யும் எண்டு நீ கையடிச்சுத் தருவியா?”

அக்கா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அதன் மேல் என் கையை அடித்திருக்கலாம், எனக்குத் தெரிந்த எல்லாமும் அடி என்றுதான் சொன்னது. ஆனால் மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒருத்திக்கு, பாதிப்பு ஏற்படக்கூடும் என்று கொம்பனியே எழுதிவைத்த ஒன்றுக்கு, நான் எப்படிக் கையடித்துக் கொடுப்பது? தட்டினேன்.

“என்ன அவசரம்?” என்றார் அத்தான்.

“கொம்பியூட்டர் செவ்வாயோட முடியுதாம் எண்டு போடு.”

போட்டேன். பக்கத்தில் ஒரு வரி நானாகச் சேர்த்தேன், முடியாது அத்தான், ஆனால் இவங்க நம்புறாங்க இல்ல என்று. அதை வாசித்து அவர் என்ன விளங்கிக்கொண்டிருப்பார்? எழுதுகிறார் என்று திரை காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது.

“அப்ப நீ என்ன சொல்ற?”

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“நில்லுங்க எண்டு போடு.”

“அக்கா...”

“போடு எண்டுறன்.”

மூன்று அசைதான், என் விரல்களுக்கு ஒரு நொடி வேலை. அனுப்பிவிட்டு, தலையில் குட்டு விழும், எழுதாத என்பாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

“சரி” என்று வந்தது. அதற்குப் பிறகு மகளின் பல்லைப் பற்றிக்கூட ஒருவரும் கேட்கவில்லை. லைன் தானாக அறுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை நான் பாலத்துக்குப் போகவில்லை. அம்மா, மாமி, அக்கா, மாமியோடு வந்த இரண்டு பெண்கள் என்று அறை நிறைந்திருந்தது. திரையின் உறையைக் கழற்றினேன். சுவிட்சை அழுத்தினேன். பெட்டி உறுமியது. மேகமும் நீல வானமும் வந்தன, வழமையான அந்தத் தொடக்க இசையும் வந்தது. எல்லாச் சின்னங்களும் போட்ட இடத்தில் அப்படியே. இணையத்தைப் பிடித்தேன், பிடித்தது. அரட்டைப் பெட்டியைத் திறந்தேன், திறந்தது.

எல்லாருக்கும் நிம்மதி வரும் என்று நினைத்தேன். மாமிக்குக் கோபம் வந்தது.

“நிக்கல்லையே!”

“நான் சொன்னதானே மாமி, நிக்காதெண்டு.”

“நீதானே புள்ள திகதி சொன்ன? பொங்கல் வரைக்கும் எழுதி அனுப்பியாச்சு. அவன் ஆவணிக்குள்ள எல்லாத்தையும் வாசிச்சு முடிச்சிருவான். இனி நான் என்னத்தச் சொல்ற?”

எல்லாரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். அக்கா மட்டும் திரையைப் பார்த்தபடி நின்றாள்.

“அப்ப, என்ன முடிஞ்ச?” என்று கேட்டாள்.

“ஆதரவு முடிஞ்சிட்டு அக்கா.”

“அது எங்க தெரியும்?”

“தெரியாது. இனி வாற ஓட்டைகளை ஒருத்தரும் அடைக்க மாட்டாங்க. அதுதான்.”

“நேத்து வரைக்கும் ஆரும் அடைக்கல்ல. இண்டைக்கும் அடைக்கல்ல. ஆனா நேத்து முடியல்ல, இண்டைக்கு முடிஞ்சிட்டு.”

“ஓம்.”

“எனக்கு விளங்கல்ல.”

எனக்கும் விளங்கவில்லை என்பதுதான் உண்மை. வகுப்பில் யாராவது கேட்டால் பலகையில் படம் போட்டு விளக்கியிருப்பேன். அக்காவுக்கு விளக்க முடியவில்லை. அவள் கேட்டது கணினியைப் பற்றி மட்டுமல்ல. இன்னும் மூன்று வெள்ளிக்கிழமைகள் இருந்தன, அவற்றைச் செலவழிக்காமலே அவள் பதிலைச் சொல்லியிருந்தாள். அத்தான் இதற்குள் முதலாளியிடம் சொல்லியிருப்பார். கையெழுத்தும் வைத்திருப்பார். அன்று முழுவதும் அவள் மகளை இறக்கிவிடவேயில்லை.

அடுத்த வெள்ளி, பெயர் பச்சையாக வந்த கையோடு அக்கா சொன்னாள், “கையெழுத்து வச்சிட்டாரா எண்டு கேள்.”

“இன்னும் சொல்லல்ல” என்று வந்தது.

அக்கா குனிந்து திரையை இன்னொரு தரம் வாசித்தாள். சந்தோசப்படுவாள் என்று பார்த்தால் சீறினாள். “ஏனாம்? நான் சொன்னதானே? சொன்னதைச் செய்யாம அங்க என்ன பாத்துக்கொண்டு இருக்கிறாராம்?”

நான் அதில் பாதியைத்தான் தட்டினேன். அவர் நெடுநேரம் எழுதினார். துண்டு துண்டாக வந்தது.

“செவ்வாய் போகட்டும் எண்டு பாத்தன்.”

“நீ பூட்டப்போறாங்க எண்ட பயத்தில சொன்ன.”

“அதுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்.”

“இப்ப ஒரு திகதியும் இல்ல. இப்ப சொல்லு.”

அவரும் எங்கள் ஊர்தான். திகதிக்கு முதல் நாள் ஆட்கள் எப்படிப் பேசுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அவர்மேல் ஒரு பெரிய மரியாதை வந்தது. அக்காவுக்கு வந்தது அழுகை.

அன்றும் அவள் சொல்லவில்லை. அடுத்த கிழமை என்றாள். அடுத்த கிழமையும், மாச முடிவுக்குள் சொல்றன் என்றாள். இதற்கிடையில் நிலைமை இறங்கிக்கொண்டே போனது. பகலிலேயே வாவிக்கு அந்தப் பக்கத்தில் செல் குண்டு விழுகிற சத்தம் கேட்கும், யன்னல் அதிரும், மகள் ‘டும்’ என்று சொல்லிப் பழகிவிட்டாள். வாழைச்சேனைப் பக்கம் ஆட்கள் பாயும் பானையுமாக வருகிறார்கள் என்று கதை வந்தது. ஒருநாள் சந்திக் கடைக்குப் போன ஒருத்தர் திரும்பி வரவில்லை, அவர் வீட்டார் காவலரண் காவலரணாகப் படத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள். இதையெல்லாம் பார்த்தபோது நில்லுங்கள் என்று சொன்னதே சரி என்று எனக்குத் தோன்றும். பின்னேரத்தில் மகள் கணினிக்கு முன்னால் கதிரையைத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டால் வாருங்கள் என்பதுதான் சரி என்று தோன்றும். ஒரு நாளைக்குள் இரண்டு பக்கமும் சாய்ந்துவிடுவேன். அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. கேட்டாலும் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது.

ஜூலையின் கடைசி வெள்ளி, அக்கா என் தோளைத் தட்டினாள். “எழும்பு.”

“ஏன்?”

“நான் எழுதப்போறன்.”

“உனக்குத் தட்டத் தெரியாதே.”

“நீ எழும்பு.”

எழும்பினேன். அவள் உட்கார்ந்து விசைப்பலகையைக் கிட்ட இழுத்தாள். ஒரு விரலை நீட்டி, எழுத்தைத் தேடி, அழுத்தி, திரையைப் பார்த்து, மறுபடி தேடி. எனக்குப் பொறுக்க முடியவில்லை, அவள் கைக்கு மேலால் என் விரல் தானாகப் போனது. தட்டிவிட்டாள்.

“பிள்ளையக் கொண்டு வெளிய போ.”

மகளைத் தூக்கிக்கொண்டு வளவுக்குள் போனேன். வேலியோரம் நின்று கேட்டால் விசையின் சத்தம் வந்தது. ஒன்று. நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று. அவள் இவ்வளவு நீளமாக என்ன எழுதுகிறாள், இல்லை, ஒரு சொல்லைத்தான் இவ்வளவு நேரமாக எழுதுகிறாளா என்று எனக்கு மண்டை காய்ந்தது. மகள் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனபோது திரை வெறுமையாக இருந்தது. பெட்டியை அவளே மூடியிருந்தாள். அந்தப் பழைய அரட்டைப் பெட்டி மூடினால் எதையும் சேமித்து வைக்காது. அக்கா குசினியில் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்ன?” என்று அம்மா கேட்டா.

“வரச் சொல்லிட்டன்.”

அம்மாவின் கை அகப்பையோடு நின்றது. “இந்த நேரத்திலயா புள்ள?”

“வேற நேரம் வருமெண்டா சொல்லுங்க. அதுக்கு மாத்தி எழுதுறன்.”

அத்தான் வந்தபோது கச்சான் காற்று ஓய்ந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸை வழியில் எத்தனையோ இடத்தில் மறித்து இறக்கி ஏற்றியிருந்தார்கள். முகமெல்லாம் செம்புழுதியோடு படலையைத் திறந்தார். மகள் அவரைப் பார்த்துவிட்டு என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். அக்கா அவருடைய பையை வாங்கினாள், வேறொன்றும் செய்யவில்லை.

சில நாள் போனபின், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா என்னிடம் சொன்னாள், “இனி எண்டா உன்ட சீடியப் போடு. பழுதானாலும் பரவாயில்ல.” எவ்வளவு நாள் கெஞ்சிய காரியம் அது! சீடியை எடுத்துக் கையில் வைத்திருந்தேன். இனி வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒருவரும் காத்திருக்கப் போவதில்லை, அழிந்தாலும் யாருக்கும் ஒன்றும் இல்லை. அதனாலேயோ என்னவோ, மாற்ற மனம் வரவில்லை. கொப்பிகளுக்கு நடுவில் திரும்பவும் வைத்துவிட்டேன். தொண்ணூற்றெட்டு அப்படியே நின்றது. ஒருவரும் பார்க்காமல், ஒருவரும் அடைக்காமல், ஓடிக்கொண்டே இருந்தது.

அத்தான் அதிகமும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஆனால் பின்னேரம் சந்தியில் பாண் வாங்கப் போவதை மட்டும் விடமாட்டார். ஒரு ஆம்பிளை இதற்கும் ஒளித்துக்கொண்டிருக்க ஏலாது என்பார். அவர் படலையைத் தாண்டிய கையோடு அக்கா மகளைத் தூக்கிக்கொண்டு வந்து அங்கே நிற்பாள். சந்தி வரைக்கும் அவ்வளவு தூரமில்லை. பாண் பையோடு அவர் ஒழுங்கை முனையில் தெரியும்வரை அசையமாட்டாள், பக்கத்து வளவிலிருந்து மாமி கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள்.

ஒருநாள் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“அக்கா, அண்டைக்கு அவ்வளவு நேரமா என்ன எழுதின?”

“எழுத்துத் தேடினன்.”

“அவர் வந்தது உனக்குச் சந்தோசமா, பயமா?”

அவள் ஒழுங்கை முனையை விட்டுக் கண் எடுக்கவில்லை. அத்தான் திரும்பினார், கையில் பை. அக்கா மகளை என் இடுப்புக்கு மாற்றிவிட்டு, பாணை வாங்க இரண்டு அடி முன்னால் போனாள்.

“சூடா இரிக்கு” என்றாள். “வாங்க, ஆறமுதல் சாப்பிடுவம்.”